மானேயின் மதுக்கூட ஓவியத்தைப் பார்ப்பது எப்படி?

பிரெஞ்சு ஓவியர் எட்வார் மானே 1882இல் வரைந்த 'ஃபோலி-பெர்ஷேரில் ஒரு பார்' லண்டன் கோர்டோல்ட் காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் 130 செ.மீ., உயரம் 96 செ.மீ. இம்ப்ரெஷனிசம் என்ற 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவிய இயக்கம் என்றாலே மானே பெயரும் வந்துவிடும். ஆனால் அந்த இயக்கத்து ஓவியர் குழுவின் கண்காட்சி ஒன்றில்கூட அவர் கலந்துகொண்டதில்லை. அது கிடக்கட்டும். இணையத்தில் தெளிவான பிரதி ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். போன் திரை பத்தாது.

படி 1: உடனே ஜூம் செய்ய வேண்டாம். நடுவில் நிற்கும் பெண்ணின் முகத்தை மட்டும் பாருங்கள். பெயர் சூசோன். ஃபோலி-பெர்ஷேர் என்ற பாரிஸ் கேளிக்கை அரங்கில் உண்மையாகவே வேலை பார்த்தவர். மானே அவரைத் தன் ஸ்டுடியோவில் நிற்கவைத்து வரைந்தார்.

படி 2: இடது மேல் மூலை. பச்சைக் காலணியோடு இரண்டு கால்கள் தொங்குகின்றனவா? ட்ரபீஸ் ஊஞ்சல் கலைஞருடையவை. மீதி உடம்பு படத்துக்கு வெளியே!

படி 3: பளிங்கு மேசை. சிவப்பு முக்கோண லேபிள் இருந்தால் அது இங்கிலாந்தின் பாஸ் பீர். இடது ஓரத்துச் சிவப்பு பாட்டிலின் லேபிளைப் பெரிதாக்குங்கள். மானேயின் கையெழுத்தும் ஆண்டும் அதில்தான். ஆரஞ்சுகள் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தையும் விடாதீர்கள். தள்ளி நின்றால் பளபளக்கும். கிட்டப் போனால் வெறும் வெள்ளைத் தீற்றல்.

படி 4: இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சூசோனின் கைகளுக்குப் பின்னால் குறுக்கே ஓடும் தங்கநிறப் பட்டை ஒரு பெரிய கண்ணாடியின் கீழ்ச்சட்டம். அதாவது, பின்னால் தெரியும் கூட்டம், விளக்குகள் எல்லாமே பிம்பம். அப்படியானால் அவருடைய முதுகு அவருக்கு நேர் பின்னால் மறைந்திருக்க வேண்டும். அதுவோ வலப்பக்கம் தள்ளி நிற்கிறது, தொப்பிக்காரர் ஒருவரை நோக்கிக் கொஞ்சம் குனிந்தபடி. முன்னால் நிற்பவரிடம் அந்தக் குனிவே கிடையாது. இடப்பக்க பாட்டில்களையும் அவற்றின் பிம்பத்தையும் ஒப்பிடுங்கள், இடம் ஒத்துப்போகாது.

கை தவறியதா? எக்ஸ்-கதிர்ப் படம் வேறு சொல்கிறது: வரைய வரைய மானேயே பிம்பத்தை வலப்பக்கம் நகர்த்தியிருக்கிறார். பார்ப்பவர் சற்று வலப்புறம் நிற்பதாக வைத்தால் கணக்கு சரிவரும் என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை.

படி 5: வலது ஓரத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு முகத்தைப் பாருங்கள், தாளை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். தொப்பிக்காரர் தெரியும்போது சூசோனின் பார்வை உங்கள் மேலா, அவர் மேலா?