ஜெர்மனியில் ஆங்கிலம் கற்பிக்க விரும்புபவர்களுக்கு

‘ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மட்டும்’ என்ற விளம்பர வரியைக் கண்டதும் நல்ல ஆசிரியர்கள்கூட ஒதுங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து ஒதுங்காதீர்கள், விண்ணப்பியுங்கள். கற்றுத்தரும் திறமை பிறப்போடு வருவதல்ல.

கையில் செல்டா (CELTA) என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் பள்ளிகளோடு பேச்சு எளிதாகும். கேம்பிரிட்ஜ் வழங்கும் இந்தப் பயிற்சியில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மலிவான இணையவழிச் சான்றிதழ்கள் பலவற்றில் இது கிடையாது.

அடுத்தது விசா; பலர் இடறும் இடம் இதுதான். மொழிப் பள்ளிகள் பல, மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுப்பதில்லை. மணிக்கணக்கில் ஊதியம் தரும் ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தம்தான் தருகின்றன. இந்தியர்களுக்கு அதற்கென்று தனி அனுமதி வேண்டும். சாதாரண வேலை விசா பொருந்தாது. இரண்டு மூன்று பள்ளிகளிடமாவது ‘இவருக்கு வகுப்புகள் தர விரும்புகிறோம்’ என்று கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

மணி ஊதியத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடவும் வேண்டாம். வருமான வரி, மருத்துவக் காப்பீடு இரண்டும் உங்கள் பொறுப்பு. ஃப்ரீலான்ஸ் ஆசிரியர்கள் பொதுவாக அரசு ஓய்வூதியக் காப்பீட்டையும் கட்டியாக வேண்டும், வருமானத்தில் 18.6 சதவீதம், முழுவதும் உங்கள் கையிலிருந்து. இதைக் கழித்துவிட்டு வாடகைக் கணக்கைப் போடுங்கள்.

தனியார் பள்ளிகளோடு நின்றுவிடாமல் ‘ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலெ’ எனப்படும் வயதுவந்தோர் கல்வி நிலையங்களுக்கும் எழுதுங்கள். ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் உண்டு. இலையுதிர்காலப் பாடத்திட்டம் பல மாதங்களுக்கு முன்பே தயாராகிவிடும் என்பதால் வசந்தகாலத்திலேயே எழுதிவிடுவது நல்லது.