தண்ணீருக்கு அடியில் காம்பஸ்: பிடிக்கும் முறை முதல் கழுவி வைப்பது வரை

ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ளும் பலர் காம்பஸை (திசைகாட்டியை) வாங்கி மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள். ஆனால் பயிற்சியாளர் காலில் மாட்டியிருக்கும் துடுப்பைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவதால் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தெளிந்த தண்ணீரில் இது சரிப்பட்டு வரும். கலங்கல் வந்து 5 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாமல் போகும்போதுதான் சிக்கல். திசையில் வெறும் 5 டிகிரி பிசகினாலும் 100 மீட்டர் நீந்தி முடிக்கையில் ஏறக்குறைய 9 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். படகின் நங்கூரக் கயிறு கண்ணில் படாமலே அதைத் தாண்டிவிடுவீர்கள்.

இந்தப் பிசகுக்குக் காரணம் பெரும்பாலும் காம்பஸ் அல்ல, அதைப் பிடித்திருக்கும் கையும் உடம்பும்தான். அதனால் இந்த விளக்கத்தில் பிடிக்கும் முறைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். முறையான டைவிங் பயிற்சியை எடுத்துக்கொண்டு, அதற்குத் துணையாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கருவியைப் பாருங்கள்

உள்ளே காந்தம் பொருத்திய தட்டு ஒன்று கூர்முனை மேல் சுழலும். அதைச் சுற்றி எண்ணெய் போன்ற திரவம் நிரம்பியிருக்கும். திரவம் எளிதில் அமுங்காது என்பதால்தான் ஆழத்தின் அழுத்தத்தில் கருவி நசுங்குவதில்லை. தட்டு படபடவென்று ஆடாமல் நிதானமாக நிற்பதும் அதனால்தான்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: அந்தத் தட்டில் வடக்கைக் காட்டும் அம்பு, கருவியின் குறுக்கே நேராக ஓடும் நடுக்கோடு, வெளியே கையால் திருப்பக்கூடிய வளையம். வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு குறிகள் இருக்கும். அவற்றுக்கு நேர் எதிரே பெரும்பாலும் இன்னொரு குறி இருக்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் தரைக்கு இணையாக இருப்பதில்லை. வடக்கே போகப் போக அம்பின் வடமுனை கீழே இழுபடும், தெற்கே போனால் தென்முனை இழுபடும். ஒரு பகுதிக்கென்று சமன்செய்த காம்பஸ், தூரத்தில் உள்ள வேறொரு பகுதியில் சாய்ந்து கண்ணாடியில் உரசி நின்றுவிடலாம். கொஞ்சம் சரித்துப் பிடித்தாலும் தட்டு தடையில்லாமல் சுழல்கிற மாடலாகப் பார்த்து எடுங்கள். தொடக்கக்காரர்களின் கை எப்படியும் சரியும்.

படி 1: பிடிப்பு

மணிக்கட்டில் கட்டியிருந்தால் அந்தக் கையை வளைத்து மார்புக்கு முன்னால் குறுக்காகக் கொண்டுவாருங்கள். மற்றக் கையை நேராக முன்னே நீட்டி, காம்பஸ் கட்டிய கையால் அதன் முழங்கைக்கு அருகே பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது காம்பஸ் முகத்துக்கு நேர் முன்னால் வந்து நிற்கும். கன்சோலில் (காற்றளவு மீட்டர் போன்றவை சேர்ந்திருக்கும் கைப்பெட்டியில்) பொருத்தியதாக இருந்தால் இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் போதும்.

நடுக்கோடும் உங்கள் முதுகெலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். காம்பஸ் சரியான திசையைக் காட்டிக்கொண்டிருக்க, இடுப்பு மட்டும் 10 டிகிரி திரும்பியிருந்தால், உடம்பு திரும்பிய பக்கம்தான் போவீர்கள். ஒரு காலை மற்றதைவிட பலமாக உதைப்பவர்களுக்கு இது தெரியாமலே நடக்கும்.

கருவி கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். அதற்கு மேலாக முன்னே பார்க்கவும் முடியும், கண்ணைத் தாழ்த்தி அம்பைப் பார்க்கவும் முடியும். வயிற்றுப் பக்கம் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தால் உடம்பும் தலைகீழாகச் சாயும், ஆழமும் மாறும்.

படி 2: திசையைக் குறித்துக்கொள்ளுதல்

போக வேண்டிய இடத்தை நோக்கி உடம்போடு சேர்த்து நடுக்கோட்டைத் திருப்புங்கள். அம்பு அடங்கும்வரை சில நொடி பொறுங்கள். அப்புறம் வளையத்தைத் திருப்பி, அந்த இரண்டு குறிகளுக்கு நடுவே அம்பு வரும்படி வையுங்கள். இனி அம்பு அந்தக் குறிகளுக்குள் நிற்கும்வரை நீங்கள் சரியான திசையைப் பார்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன், மேலே இருக்கும்போதே கரைக்கும் படகுக்கும் ஒரு முறை இப்படித் திசை பார்த்து, டிகிரி எண்ணைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் எழுத்துப் பலகையில் குறித்துவிடுங்கள். கீழே போனபிறகு நினைவை நம்பக் கூடாது.

படி 3: நீந்துதல்

காம்பஸையே முறைத்துப் பார்த்துக்கொண்டு போகாதீர்கள். காம்பஸ் உங்கள் முகம் எந்தப் பக்கம் என்று மட்டும்தான் சொல்லும். பக்கவாட்டு நீரோட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டு போனாலும் அம்பு குறிகளுக்குள்ளேயே அமைதியாக நிற்கும்.

இதற்கு நான் நம்புகிற வழி இது: நடுக்கோடு காட்டும் நேரில், கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு பாறையோ பவளமோ தேர்ந்தெடுங்கள். காம்பஸை மறந்துவிட்டு அதுவரை நீந்துங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் மறுபடி திசை பார்த்து அடுத்ததைத் தேர்ந்தெடுங்கள். அசையாத பொருளை நோக்கிப் போவதால் நீரோட்டத்தின் இழுப்பு பெருமளவு கழிந்துவிடும். கண்ணுக்கும் ஓய்வு கிடைக்கும், வழியில் மீனையும் பார்க்கலாம். அடையாளமே இல்லாத மணல்வெளியில் மட்டும் காம்பஸைத் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கும். அங்கேயும் மணலில் விழுந்திருக்கும் வரிகளைக் கவனியுங்கள். ஆழம் குறைந்த இடங்களில் அவை பெரும்பாலும் கரைக்கு இணையாக ஓடும்.

தூரத்துக்கு உதைப்புகளை எண்ணுங்கள். 30 மீட்டர் கயிறு ஒன்றைத் தரையில் நீட்டி, வழக்கமான வேகத்தில் நீந்தி, ஒரே கால் எத்தனை முறை கீழே உதைக்கிறது என்று எண்ணி வைத்துக்கொண்டால் அந்த எண் எப்போதும் கைகொடுக்கும். இந்த நேரத்தில் ஆழமும் காற்றும் கவனத்திலிருந்து நழுவும். அதனால் இருவராகப் போகும்போது ஒருவர் திசையையும் மற்றவர் ஆழம், நேரம் இரண்டையும் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தங்கள் காற்றளவை இருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 4: திரும்பி வருதல்

வளையத்தைத் தொடாதீர்கள். அம்பு எதிர்ப்பக்கத்துக் குறிக்கு வரும்வரை உடம்போடு சேர்ந்து திரும்புங்கள். எண்ணாக வேண்டுமென்றால், போன திசை 180-க்குக் குறைவாக இருந்தால் 180 கூட்டுங்கள், அதிகமாக இருந்தால் கழியுங்கள். 40-இல் போனால் 220-இல் வர வேண்டும்.

சதுரமாகப் போய்வரும் பயிற்சியில் ஒவ்வொரு மூலையிலும் 90 டிகிரி, முக்கோணத்தில் 120 டிகிரி. வலப்பக்கம் திரும்பும்போது அம்பு இடப்பக்கம் ஓடுவது போலத் தெரியும். உண்மையில் அது வடக்கைப் பார்த்தபடியே நிற்கிறது, சுற்றுவது நீங்கள்தான். இது மனதில் பதிவதற்கு, ஆளில்லாத மைதானத்தில் காம்பஸைப் பிடித்தபடி சதுரம் நடந்து பழகுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தரையில் குழம்பினால் நின்று யோசிக்கலாம்.

தண்ணீரில் குழப்பம் வரும் நேரம் வேறு. "படகு அந்தப் பக்கம்தானே" என்று மனசு அடித்துச் சொல்லும். பக்கத்தில் இரும்பு இல்லையென்றால் காம்பஸை நம்புங்கள். அப்படியும் வழி தெரியவில்லை என்றால் துணை டைவரோடு சேர்ந்து, அடையாள மிதவையை மேலே அனுப்பிவிட்டு, முறைப்படி நிதானமாக மேலே வந்து படகு எங்கே என்று பாருங்கள்.

அம்பு பொய் சொல்லும் இடங்கள்

மூழ்கிய இரும்புக் கப்பல்களின் அருகே காம்பஸ் செல்லாது. நீங்கள் திரும்பாமலே அம்பு திரும்பினால் அதுதான் அறிகுறி. ஸ்டீல் சிலிண்டர், காந்த சுவிட்ச் உள்ள டார்ச், கத்தி, டைவ் கம்ப்யூட்டர் (ஆழமும் நேரமும் காட்டும் மணிக்கட்டுக் கருவி), பக்கத்தில் இருப்பவரின் காம்பஸ், எல்லாமே இழுக்கும். கம்ப்யூட்டரை ஒரு கையிலும் காம்பஸை மறு கையிலும் கட்டுங்கள். ஒவ்வொரு பொருளையும் கரையிலேயே காம்பஸின் அருகே கொண்டுபோய் அம்பு அசைகிறதா என்று பார்த்துவிடலாம். கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் டிஜிட்டல் காம்பஸ் என்றால், பேட்டரி மாற்றினாலோ வேறு ஊருக்குப் போனாலோ கையேட்டில் சொன்னபடி மறுபடி அளவுதிருத்தம் செய்ய வேண்டும்.

பராமரிப்பு

டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, ஊறும்போதே வளையத்தை முழுச் சுற்றாக முன்னும் பின்னும் திருப்புங்கள். வளையத்தின் அடியில் ஒளிந்திருக்கும் மணலும் உப்பும் அப்போதுதான் வெளியே வரும். வெறுமனே குழாயில் காட்டி எடுத்தால், காய்ந்த உப்பு வளையத்தை இறுக்கிவிடும். இறுகினால் குறடு போடாதீர்கள், எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம். அது பிளாஸ்டிக்கையும், திரவம் கசியாமல் அடைத்திருக்கும் 'சீல்' என்ற பாகத்தையும் கெடுத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும்.

நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காரின் கண்ணாடிக்கு அடியில் விட்டால் உள்ளிருக்கும் திரவம் விரிந்து அந்த சீல் பாகத்தை நெருக்கும். ஸ்பீக்கர், மொபைல், காந்த மூடி வைத்த பை ஆகியவற்றின் பக்கத்தில் வைக்கக் கூடாது. பலமான காந்தம் பக்கத்தில் இருந்தால் அம்பு தலைகீழாகவே மாறி, தெற்கை வடக்கென்று காட்டத் தொடங்கலாம். அதனால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் இன்னொரு காம்பஸைச் சில அடி தள்ளி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

உள்ளே சிறு குமிழி தெரிந்தால் உடனே பதற வேண்டாம். விமானப் பயணத்துக்கோ குளிருக்கோ பிறகு அப்படி வந்து, தானாகவே மறைவதுண்டு. ஆனால் குமிழி நாளுக்கு நாள் பெரிதானாலோ, தட்டின் ஓட்டத்தைத் தடுத்தாலோ, கருவியின் மேல் பிசுபிசுப்பு தெரிந்தாலோ, சீல் போய்விட்டது என்று பொருள். ஊசி போட்டு எண்ணெய் ஏற்றிப் பார்க்காமல் வேறு காம்பஸ் வாங்கிவிடுங்கள்.