பிங்க் ஃபிளாய்டைக் கேட்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1965இல் லண்டனில் உருவான பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவைப் புதிதாகக் கேட்க வருபவர்கள் பலரும் தேர்ந்தெடுத்த பாடல்களைக் கோத்த ஏதேனும் ஒரு தொகுப்பிலிருந்து தொடங்குகிறார்கள். முதல் தவறு அதுவே. 2001இல் வந்த 'எக்கோஸ்' தொகுப்பு, 1971ஆம் ஆண்டின் 'மெடில்' இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுவதையும் நிறைத்த 23 நிமிடப் பாடலின் பெயரைச் சூடிக்கொண்டிருந்தாலும், அதே பாடலைப் பல நிமிடங்கள் வெட்டித்தான் தருகிறது. செயலிகளில் வரிசையைக் கலைத்துக் கேட்பதும் இதே வகைப் பிழைதான். 1975இன் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தில் ஒரே நெடும்பாடல் இரண்டாகப் பிரிந்து முதலிலும் முடிவிலும் நிற்கிறது. 1979இன் 'தி வால்' ஆல்பத்தின் இறுதியில் பாதியில் அறுபடும் வாக்கியம், அதன் தொடக்கத்தில்தான் நிறைவு பெறுகிறது.

இதைவிடப் பெரிய தவறு, அட்டையில் ஒரே பெயர் இருப்பதால் உள்ளே இருப்பவர்களும் ஒரே ஆட்கள் என்று நம்பிவிடுவது. 1967இன் முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்கள் அப்போதைய பாடகரும் கிதார் கலைஞருமான சிட் பாரெட் எழுதியவை. மறு ஆண்டே அவர் விலக, டேவிட் கில்மோர் கிதாருடன் உள்ளே வந்துவிட்டார். 1973இன் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தில் மயங்கியவர் நேரே 1967க்குத் தாவினால் திகைத்துப்போவதில் வியப்பில்லை. 1983இன் 'தி ஃபைனல் கட்' முழுவதும் பேஸ் கிதார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸின் பாடல்கள். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் அதில் இல்லவே இல்லை. 1987இன் ஆல்பத்திலோ வாட்டர்ஸ் இல்லை. ஆகவே ஆண்டையும் பாடலாசிரியர் பெயரையும் பார்த்துக் கேட்பதே முறை. எது உண்மையான பிங்க் ஃபிளாய்ட் என்ற சண்டையில் இறங்குவது வீண்வேலை என்பது என் கருத்து.

உறுப்பினர்களின் தனி ஆல்பங்களை, எல்லாம் கேட்டு முடித்த பிறகு தொடும் மிச்சம் மீதியாகக் கருதுவோரும் உண்டு. உண்மையில் இவை குழுவின் பணியோடு பின்னிப் பிணைந்தவை. 1978இல் வாட்டர்ஸ் இரண்டு திட்டங்களைக் குழுவின் முன் வைத்தார். குழு தேர்ந்தெடுத்தது 'தி வால்' ஆயிற்று, மற்றொன்று 1984இல் எரிக் கிளாப்டனின் கிதாரோடு வாட்டர்ஸின் தனி ஆல்பமாக வந்தது. கில்மோர் தம் முதல் தனி ஆல்பத்துக்கான நாட்களில் உருவாக்கிவைத்திருந்த மெட்டுதான், பின்னர் 'தி வால்' ஆல்பத்தின் 'கம்ஃபர்டப்ளி நம்ப்' பாடலுக்கு அடித்தளமானது. வாட்டர்ஸின் 'அம்யூஸ்ட் டு டெத்' (1992), கில்மோரின் 'ஆன் ஆன் ஐலண்ட்' (2006) ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், சொல்லின் கூர்மை யாருடையது, ஒலியின் நிதானம் யாருடையது என்பது தானே விளங்கிவிடும்.

ஆனால் எல்லாத் தனி ஆல்பங்களிலும் குழுவின் சாயலைத் தேடக் கூடாது. டிரம்ஸ் கலைஞர் நிக் மேசனின் பெயரில் 1981இல் வெளியானதன் பாடல்களை எழுதியவர் ஜாஸ் கலைஞர் கார்லா பிளே. பெரும்பாலானவற்றைப் பாடியவர் ராபர்ட் வயட். பாரெட்டின் 1970ஆம் ஆண்டு ஆல்பங்கள் இரண்டையும், மனநலம் குன்றிய ஒருவரின் விநோதமாக வேடிக்கை பார்ப்பது அவற்றுக்குச் செய்யும் அநீதி. தடுமாறும் தாளத்துக்கு நடுவிலும் அவருடைய சொல்வளம் சிதையாமல் இருக்கிறது. ரைட்டை எவரும் கண்டுகொள்வதில்லை என்பது எனக்குத் தனி வருத்தம். மனச்சோர்வைப் பற்றிய அவருடைய 'புரோக்கன் சைனா' (1996) ஆல்பத்தில் ஷினேட் ஓ'கானர் பாடிய இரண்டு பாடல்களையேனும் கேட்டுப் பாருங்கள்.

பதிப்புகளிலும் கவனம் வேண்டும். 1977இன் 'அனிமல்ஸ்' புதிய ஒலிக்கலவையுடன் 2022இல் மறுபடியும் வெளிவந்தது. முதல் முறை கேட்பவர் மூல வடிவத்தைக் கேட்பதே நல்லது. 'டார்க் சைட்' என்று தேடும்போது, வாட்டர்ஸ் 2023இல் தனியாக மறுபதிவு செய்த வடிவமும் எதிர்ப்படும். நிறையப் பேச்சும் குறைந்த கிதாருமாக அது முற்றிலும் வேறொன்று என்பதால், ஒலிக்கவிடும் முன் கலைஞர் பெயரை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.