தூக்கச் சொல்லி அழும் மகனும் ஏழாம் மாத வயிறும்

இரண்டாவது பிள்ளைக்கு ஏழாம் மாதம் ஆனபோது, மூன்று வயது மகனைத் தூக்கினால் எனக்கு இடுப்பு விட்டுப்போகும். "வயிற்றில பாப்பா இருக்கு, அம்மாவுக்குத் தூக்கேலாது" என்று வீட்டில் எல்லாரும் அவனுக்குச் சொன்னார்கள். முதலில் அந்தப் பேச்சை நிறுத்தினேன். பிறக்காத பிள்ளை மேல் அவனுக்கு ஏன் கோபம் வரவேண்டும்? அவன் கையை நீட்டினால் நான் வாசற்படியில் இருந்துகொண்டு, "மடிக்கு வாங்கோ ராசா" என்பேன். அவனுக்கு வேண்டியது அணைப்புத்தான், உயரம் அல்ல.

படுக்கையையும் அப்போதே மாற்றினோம். பாப்பா வந்த பிறகு மாற்றினால், தன்னைத் துரத்தியது பாப்பாதான் என்று நினைப்பான். அப்பாவோடு பாயில் படுக்க முதலில் அழுதான். பின்னேரங்களில் அவர் அவனைத் திருகோணமலைக் கோணேசர் கோயில் போகும் வழியில், பிரட்ரிக் கோட்டைக்குள் மான் பார்க்கக் கூட்டிப்போகத் தொடங்கினார். படுக்கும்போதும் அந்த மான் கதைதான். அழுகை தானாகக் குறைந்தது.

கிளினிக்குக்கும் கூட்டிப்போனேன். வயிற்றுப் பிள்ளையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 தடவை துடிக்கும். அந்த வேகத்தைக் கேட்டு, "பாப்பா ஓடுதா?" என்றான்.

இன்னொன்று, இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு எடுத்தால் சத்து சரியாக உடம்பில் சேராது. தேசிக்காய்த் தண்ணியோடு எடுப்பது நல்லது. தேசிக்காய் எடுத்து வருவது இப்போது மகனின் பொறுப்பு.