பழைய பயோனெட்டில் துரு எடுப்பது எப்படி? முத்திரை அழியாமல்!

போன வருடம் பழைய சாமான் கடையில் ஒரு பயோனெட் கத்தி கிடைத்தது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் லீ-என்ஃபீல்டு துப்பாக்கி முனையில் மாட்டிய 1907 மாடல், அலகு (கத்தியின் இரும்புப் பகுதி) 17 அங்குலம். உறையிலிருந்து உருவுவதற்குள் கை வலித்துவிட்டது, அவ்வளவு துரு. அதைச் சுத்தம் செய்தபோது கற்றதை எழுதுகிறேன். (9 அங்குலத்தைத் தாண்டிய பயோனெட் இந்திய ஆயுதச் சட்டத்தின் பட்டியலில் வரும். வாங்கும் முன் உங்கள் ஊர் விதியை விசாரித்துக்கொள்ளுங்கள்.)

1. எந்தத் துரு போக வேண்டும்?

நகத்தால் சுரண்டினால் செங்கல் பொடி போல உதிர்வது சிவப்புத் துரு. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே அரித்துக்கொண்டே போகும். எடுத்தே ஆக வேண்டும். வழவழவென்று கறுப்பாக ஒட்டிக் கிடக்கும் படலம் வேறு. அது மேலும் அரிக்காது, அடியில் உள்ள இரும்புக்கு ஓரளவு காவலும்கூட. அதைத் தொடாதீர்கள். பளபளப்பாக்கிய பழைய கத்தியைச் சேகரிப்பவர்கள் மதிக்க மாட்டார்கள்.

2. தேவையானவை

தையல் மிஷின் எண்ணெய், கொஞ்சம் மண்ணெண்ணெய், 0000 நம்பர் ஸ்டீல் உல் (மிக மெல்லிய இரும்பு நார்), பழைய பருத்தித் துணி, ஒரு பித்தளைச் சாவி. சாவி எதற்கு என்று கீழே சொல்கிறேன். உப்புத்தாளும் டிரில்லில் மாட்டும் கம்பி பிரஷ்ஷும் வேண்டவே வேண்டாம்.

3. ஊறவைத்துத் தேய்ப்பது

எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து அலகில் தடவி ஒரு ராத்திரி விடுங்கள். மரக் கைப்பிடியில் படக்கூடாது. காலையில் ஸ்டீல் உல்லால் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்து, துணியால் துடையுங்கள். துணியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். அலகில் ஓடும் நீளப் பள்ளத்துக்குள் மூங்கில் குச்சியில் துணி சுற்றித் தேயுங்கள். அந்தப் பள்ளம் ரத்தம் வழிவதற்கு என்று பலர் சொல்வார்கள். உண்மையில் அலகின் எடையைக் குறைக்கத்தான்.

4. முத்திரை உள்ள இடம்

இங்கேதான் நான் தவறு செய்தேன். கைப்பிடியை ஒட்டி அலகின் இரு பக்கமும் முத்திரைகள் இருக்கும். ஒரு பக்கம் கிரீடம், 1907 என்ற மாடல் எண், தயாரித்த மாதம், வருடம், கம்பெனி பெயர். மறுபக்கம் அரசாங்கச் சொத்து என்பதற்கான அம்புக்குறி, சோதகர்களின் சின்ன முத்திரைகள், அலகை வளைத்துப் பார்த்துச் சோதித்ததற்கான X குறி. துரு தடிமனாக இருக்கிறதே என்று அந்த மறுபக்கத்தில் 220 நம்பர் உப்புத்தாளைப் போட்டேன். பத்தே நிமிடம். துடைத்துப் பார்த்தால் ஒரு சோதகர் முத்திரையில் கிரீடம் மட்டும் மிச்சம், கீழே இருந்த எண் போய்விட்டது. அதை இனி யாராலும் கொண்டுவர முடியாது.

அப்புறம்தான் பித்தளைச் சாவி. பித்தளை எஃகைவிட மென்மையானது, அதனால் துருவைப் பெயர்க்கும், அலகைக் கீறாது. எண்ணெய் விட்டு, சாவி விளிம்பைச் சாய்த்துப் பிடித்து, துருக் கட்டியின் ஓரத்திலிருந்து தள்ளுங்கள். மஞ்சள் கோடு விழுந்தால் பயப்பட வேண்டாம், ஸ்டீல் உல்லால் லேசாகத் தேய்த்தால் போய்விடும். தேதி உள்ள பக்கத்துக்கு மூன்று சாயங்காலம் ஆனது. முதலில் ஒரு 7 தெரிந்தது, அப்புறம் அதன் முன்னால் 1, கடைசியில் இடதுபக்கம் 10. அக்டோபர் 1917!

5. பாதுகாப்பு

அசிட்டோன் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, உடனே மெழுகு பூசுங்கள். என் ஓட்டு ரெனைசான்ஸ் மெழுகுக்குத்தான். பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவானது, விலை அதிகம், ஆனால் ஒரு டப்பா பல வருடம் வரும். மெல்லிசாகப் பூசி, காய்ந்ததும் துணியால் துடைத்தால் போதும். அதற்குப் பிறகு அலகை வெறும் கையால் தொடாதீர்கள், வியர்வை உப்பு பட்ட இடத்தில் விரல் ரேகையாகவே துரு வரும்.

வால்நட் மரப் பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு. துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக்கூடாது, அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவிட்டுப் போடுங்கள்.

பின்சேர்க்கை: தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், நாளாக நாளாகச் சிக்குப் பிடித்துக் காறிப்போகும். வினிகரில் ஊறவைப்பதும் வேண்டாம். துருவோடு நல்ல கறுப்புப் படலமும் போய், அலகு சாம்பல் பூத்துவிடும்.

சுத்தம் செய்து மூன்று வாரத்தில் மறுபடி துரு வந்துவிட்டது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், தோல் உறைக்குள்ளேயே வைத்திருக்கிறார். பழைய தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட அமிலமும் அதில் இருக்கும். உறையைத் தனியாக வையுங்கள். கத்தியை அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.