அத்திவாரம் வெட்ட முன் மூலைக்கு மூலை பிடியுங்கள்

நூல் கட்டி நாலு பக்கமும் சரியாக வந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிடுகிறார்கள். பக்கங்கள் 22 அடி, 28 அடி என்று அச்சொட்டாக இருந்தாலும் வளவுக்குள் கிடப்பது சரிந்த நாற்கோணமாக இருக்கலாம். டைல் பதிக்கும் நாளில்தான் அது தெரியவரும்: ஒரு முனையில் முழுக் கல், மறுமுனையில் ஆப்பு மாதிரி வெட்டிய துண்டு.

மூலைகள் சரியென்றால் இரண்டு மூலைவிட்டமும், அதாவது ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குள்ள தூரம், சமமாக வர வேண்டும். அந்த அளவைக் காண, 28 × 28 = 784; 22 × 22 = 484. கூட்டினால் 1268. போன் கல்குலேட்டரில் வர்க்கமூலம் எடுத்தால் 35.609 அடி. இதை 35 அடி 6 அங்குலம் என்று பிடிப்பவர்கள்தான் அதிகம். புள்ளிக்குப் பின்னால் உள்ள .609ஐ 12ஆல் பெருக்குங்கள், 7.3 வரும். ஆக 35 அடி 7¼ அங்குலத்துக்கு ஒரு மயிரிழை கூட.

முதலில் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று பாருங்கள். ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் அகன்றிருந்தாலும் இரண்டு மூலைவிட்டமும் சமமாக வர இடமுண்டு. பிறகு இரண்டு மூலைவிட்டத்தையும் ஒரே டேப்பால் அளவுங்கள். துணி டேப் இழுபடும், இரும்பு டேப்தான் நல்லது. கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் நேரம் 35 அடி டேப் வில்லாக வளைந்து அளவைக் கூட்டிக் காட்டும். காலையில் காற்று எழும்ப முன் முடித்துவிடுங்கள். மட்டக்களப்பின் கல்லடி, காத்தான்குடிப் பக்கத்து மணலில் சின்ன முளை நிற்காது. ஒன்றரை அடியாவது இறக்கி அடியுங்கள்.

இரண்டு மூலைவிட்டத்துக்கும் 4 அங்குலம் வித்தியாசம் வந்தால் பாதியான 2 அங்குலம் நகர்த்திப் பயனில்லை. வித்தியாசத்தை மூலைவிட்டத்தால் பெருக்கி, நகர்த்தும் பக்கத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும்: 4 × 35.6 ÷ 56, ஏறத்தாழ 2½ அங்குலம். ஒரு 28 அடிப் பக்கத்தின் இரண்டு முளைகளையும் அந்தக் கோட்டின் வழியே, நீண்ட மூலைவிட்டம் குறையும் பக்கமாக அவ்வளவு நகர்த்தி, எல்லாவற்றையும் திரும்ப அளவுங்கள்.

பரப்பளவு 22 × 28 = 616 சதுர அடி. இது வெளி அளவு. 6 அங்குலச் சுவர் இரு பக்கமும் போனால் உள்ளே 21 × 27 = 567தான். டைலுக்கு 567ஐத்தான் எடுக்க வேண்டும்: 2 × 2 அடிக் கல் 142, வெட்டுச் சேதத்துக்குப் பத்து வீதம் சேர்த்து 157. உட்சுவர் இருந்தால் அறை அறையாக அளந்து கூட்டுங்கள்.

காணிக்கு ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 60க்கு 68 அடி வளவு 4080 சதுர அடி, 15 பேர்ச்சுக்கு மயிரளவு குறைவு. எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தும் மூலை சரியில்லாத காணியில் இந்தப் பெருக்கல் உண்மையைவிடக் கூட்டித்தான் காட்டும். அப்படியானதை மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணமாகப் பிரித்து அளப்பதே முறை.

அதே வளவின் சுற்றளவு 2 × (60 + 68) = 256 அடி. வேலிக்கு 8 அடிக்கு ஒரு தூண் என்று வகுத்து 32 வாங்கினால் குறையும். மூலைகளில் தூண் கட்டாயம் வேண்டும். 60 அடியில் 8 இடைவெளி, 68 அடியில் 9 இடைவெளி. ஆக 34 தூண். கேட்டுத் தூண் தனி.