சிறைக் கொட்டடியை விரிவாக்கும் முன் போட வேண்டிய கணக்கு

2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர் இருந்தனர். நெரிசல் என்றதும் பலரும் இரண்டடுக்குக் கட்டில் வாங்கத்தான் பார்க்கிறார்கள். படுக்கை கூடும், காற்று கூடாது.

மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேட்டின்படி கொட்டடியில், அதாவது பலர் சேர்ந்து உறங்கும் கூடத்தில், ஒருவருக்குத் தரை 3.71 சதுர மீட்டர், காற்றுக்கான இடம் (தரை × உயரம்) 15.83 கன மீட்டர், சன்னல் திறப்பு 1.12 சதுர மீட்டர் வேண்டும். கூடத்தின் அளவுகளை இந்த மூன்றாலும் தனித்தனியே வகுத்து, வருவதில் குறைந்த எண்ணையே கொள்ளளவாக வையுங்கள்.

கழிப்பறை நீங்கலாக 24 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் உயரமுள்ள பழைய கூடத்தை எடுத்துக்கொள்வோம். தரையைப் பார்த்தால் 38 பேர், காற்றைப் பார்த்தால் 32. ஆனால் 1.2 × 1.5 மீட்டர் சன்னல் 16தான் இருக்கிறது என்றால் 25 பேருக்கு மேல் கூடாது. இன்னும் நான்கு சன்னல் திறந்தால் 32ஐ எட்டலாம். புதுக் கட்டடத்தோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். அதே கூடத்தில் அழகுக்காகப் பொய்க்கூரை போட்டு உயரத்தை 3 மீட்டராக்கினால் 27 பேராகச் சரிந்துவிடும். பாரம் தாங்கும் செங்கல் சுவரில் ஒரே நாளில் எல்லாச் சன்னலையும் உடைக்கக் கூடாது. ஒன்றுக்கு லிண்டல் (திறப்புக்கு மேல் பாரம் தாங்கும் உத்தரம்) வைத்து, கான்கிரீட் இறுகிய பிறகே பக்கத்துச் சன்னல்.

கொட்டடிக்கு 20 பேர் என்பது கையேட்டின் வரம்பு. ஆகவே குறுக்குச் சுவர் எழுப்பி 16, 16 ஆகப் பிரியுங்கள். தனித்தனிக் கதவு, கழிப்பறை வேண்டும். இரவுக்குப் பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை என்பதால் பக்கத்துக்கு இரண்டு. தண்ணீர் நாளுக்குத் தலைக்கு 135 லிட்டர், மொத்தம் 4,320.

பெரும்பாலும் சொதப்புவது கழிவுநீரில்தான். கழிப்பறையைக் கூட்டிவிட்டுப் பழைய செப்டிக் டேங்கையே நம்பினால் சில மாதங்களில் பொங்கும். தரை ஓடு பதிக்கும் முன் டேங்கையும் குழாயையும் முடியுங்கள். குழாய்களைச் சுவருக்குள் புதைக்காமல் வெளிப்புறம் பூட்டுள்ள சந்தில் கொண்டுபோனால், பிளம்பர் உள்ளே நுழையாமலே ஒழுகலை அடைக்கலாம்.

வேலை தொடங்குமுன் ஒரு பிளாக்கையாவது காலி செய்தாக வேண்டும். அதற்கு விசாரணைக் கைதிகள் பட்டியலைப் பாருங்கள்: இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றிலொரு பங்கைக் கழித்திருந்தால், ஆயுள், மரண தண்டனைக்குரிய வழக்குகள் போன்ற விலக்குகள் நீங்கலாக, பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவில் பிணை கேட்கலாம்.

உளி, ரம்பம், கம்பித்துண்டு எல்லாம் காலையில் எண்ணி உள்ளே, மாலையில் எண்ணி வெளியே. கணக்கு நேராகும்வரை மேஸ்திரியை அனுப்பாதீர்கள். சாரக் கம்பும் ஏணியும் இரவில் மதில் ஓரம் கிடக்கவே கூடாது.